நடுப்படியில் நின்ற பீரோ

லோடு மேஸ்திரியின் அரசியலெல்லாம் மாடிப்படியில் கற்றது. எந்தக் கட்டடத்தின் படி குறுகல், எந்தத் திருப்பத்தில் கட்டில் இடிக்கும், எந்த வீட்டு நிலைக்கதவைக் கழற்றினால்தான் சோபா நுழையும் என்பதெல்லாம் அவருடைய தோளுக்குத் தெரியும். மீசை முளைத்த நாளிலிருந்து ஊரான் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கியதில் அவர் முடிவுக்கு வந்த விஷயம் ஒன்று. மனுஷன் தரையில் வாழப் பிறந்தவன். அடுக்குமாடியில் இருப்பவன் இன்னொருத்தன் தலைமேல் நடக்கிறான், தன் தலைமேல் வேறொருத்தனை நடக்க விடுகிறான். அதற்குப் பெயர் வீடு என்றால் கோழிக்கூண்டுக்கு வேறு பெயர் தேடு என்பார்.

பஸ், ரயில் பேச்சு வந்தால் இன்னும் சூடாகிவிடுவார்.

"அடுத்தவன் ஓட்டுற வண்டிக்குக் காத்து நிக்கிறவன் அடுத்தவன் சொல்ற நேரத்துக்குத்தான் எந்திரிக்கணும், அவன் சொல்ற எடத்துலதான் எறங்கணும். சொந்தமா ஒரு மனை, சொந்தமா ஒரு வண்டி. இது ரெண்டும் இருக்கறவன் எவன் முன்னாடியும் கைகட்டி நிக்க மாட்டான். நம்ம வரியை வாங்கி நாலு பேரை ஓசியில ஊர் சுத்த வைக்கிறது கவர்மெண்டு வேலையாய்யா?"

சும்மா பேசுகிற ஆள் அல்ல. நகரத்தின் கடைசி வீதியும் முடிந்து, அதற்கப்புறம் தரிசும் தாண்டிப் போட்ட மனைப்பிரிவில் இடம் வாங்கி, தன் லாரியில் தானே கல்லும் மணலும் அடித்துக் கட்டிய வீடு அவருடையது. நாலு பக்கமும் சுவர். சுவருக்குள் இரண்டு எலுமிச்சை, ஒரு முருங்கை. அந்த வீட்டுக் கூடத்தில் நின்றது பீரோ.

பீரோவுக்கு ஒரு கதை இருந்தது. பெரிய பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பத்துக்கு மேஸ்திரிதான் லோடு அடித்தார். எல்லாச் சாமானும் ஏறியது, பீரோ மட்டும் ஏறவில்லை. தலையில் பூவேலை செய்த மகுடம், உள்ளே ஆள் நின்றால் தலை இடிக்காத உயரம், இரண்டு ஆள் அகலம். வீட்டுக்காரர் அதைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்களே வச்சுக்குங்க மேஸ்திரி" என்று சொல்லி மேலே ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் மேஸ்திரி கேட்கிற கேள்வி: "ஒரு பீரோ நுழையாத வீட்டுல மனுஷன் எப்படிய்யா நுழைவான்?"

அவருடைய கட்சிக்காரர்களுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. ரயில் பாதையை மனைப்பிரிவு வரைக்கும் நீட்டப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது மேஸ்திரியின் லாரிதான் முன்னால் போனது, கொடியும் மைக்கும் கட்டிக்கொண்டு. ரயில் வந்தால் கண்டவனும் வருவான், வரி வரும், பின்னாலேயே அடுக்குமாடி வரும் என்று முழங்கினார். திட்டம் கைவிடப்பட்டது. கட்சிக்காரர்கள் மேஸ்திரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வாழ்நாள் முழுக்கத் தூக்கிய மனிதரைப் பிறத்தியார் தூக்கியது அந்த ஒரு தடவைதான்.

அவருடைய சம்சாரம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். தெருநாய்க்கு ஒரு குச்சி, டார்ச் ஒன்று, கால்நடையாய் மெயின்ரோடு வரைக்கும், அப்புறம் இரண்டு பஸ். மேஸ்திரி லாரியில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். லோடு இல்லாத நாளில் சரி. லோடு வந்த நாளில் அவள் திரும்பவும் குச்சியை எடுத்தாள். மழைக்காலம் ஒன்று அப்படியே போனது. மழை விட்டதும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலாவது மாடியில் ஒற்றை அறை ஒன்றைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

"யாரைக் கேட்டு?" என்றார்.

"காலைக் கேட்டேன். முட்டி சரின்னுச்சு."

"சொந்த வீட்டை வச்சுக்கிட்டு வாடகைக் கூண்டுல போய் அடைஞ்சுக்குவியா?"

"ரயிலு இங்க வரக்கூடாதுன்னு கொடி புடிச்சீங்க. வரல. அதான் நான் ரயிலுகிட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் முருங்கைக்கீரையை உருவப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் மேஸ்திரிக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

முதலில் வாரக் கடைசியில் வந்தாள். அப்புறம் அதுவும் தவறியது. "இந்த வாரம் ஆள் பத்தல" என்று போனில் சொல்வாள். கூடத்தில் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடும்போது வீடு பெரிதாக இருப்பது மேஸ்திரிக்கு முதல் முறையாகத் தெரிந்தது. இப்படியே விட்டால் அவள் அங்கேயே வேர் விட்டுவிடுவாள் என்று பயம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் அவளே கேட்டாள். "துணி வைக்க எடமில்ல. ஏதாச்சும் சின்ன அலமாரி இருந்தா லாரியில போட்டு எடுத்துட்டு வாங்களேன்."

மேஸ்திரி அன்று மத்தியானமே மச்சினனைக் கூப்பிட்டார். "கெளம்புடா. உங்கக்காவுக்குப் பீரோ கொண்டுபோறோம்."

மச்சினன், மேஸ்திரியின் சம்சாரத்துக்குத் தம்பி. மேஸ்திரியிடமே வேலை பழகி மேஸ்திரியிடமே நரைத்தவன். உடம்பில் இருந்த பலத்தில் பாதியைக் கேள்வி கேட்பதற்கு ஒதுக்கியிருந்தால் எப்போதோ சொந்தமாக லாரி வாங்கியிருப்பான். பீரோவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"இதையா மாமா? அக்கா சின்ன அலமாரின்னுல்ல சொன்னுச்சு?"

"உங்கக்காவுக்குச் சின்னது கொடுத்து எனக்குப் பழக்கமில்ல. புடி."

*

கட்டடத்தின் முன்னால் லாரியை நிறுத்தியபோது வெயில் இன்னும் தணியவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு டெய்லர் கடை. ஒட்டி உலர்ந்த மனிதர் ஒருவர் கழுத்தில் நாடாவோடு எட்டிப் பார்த்தார். "எந்த மாடி?" என்றார். நாலு என்றதும் பீரோவைப் பார்த்தார், படியைப் பார்த்தார், மிஷினுக்குத் திரும்பிவிட்டார்.

முதல் மாடி சுகமாகவே ஏறியது. மேஸ்திரி மேல்பக்கம், பின்னோக்கி ஏறுகிறவர். மச்சினன் கீழ்ப்பக்கம். படியேற்றத்தில் பாரம் பூராவும் கீழே பிடிக்கிறவன் மேல்தான் சாயும். மேலே இருப்பவனுக்கு வழி பார்க்கிற வேலை, வாய் வேலை.

"சாய்டா. இன்னும் சாய். மூலையைப் பாரு. ஏய், சுவத்துக்கு முத்தம் குடுக்காத, வீட்டுக்காரன் வந்துடுவான்."

"மாமா, மூச்சு வாங்கிக்கட்டுமா?"

"ரெண்டாவது மாடியில வாங்கு. மொத்தமா வாங்கலாம்."

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடம். அங்கே பீரோவை நிமிர்த்தி நிறுத்தித்தான் திருப்ப வேண்டும். கதவுப்பக்கம் மேஸ்திரியைப் பார்த்து நிற்க, முதுகுப்பக்கம் மச்சினனைப் பார்த்து நின்றது. தலைக்கு மேலே ஒரு விட்டம் குறுக்கே ஓடியது. மகுடம் விட்டத்தைத் தொட்டதும் மேஸ்திரி நிறுத்தினார். இதுதான் அவர் எதிர்பார்த்த இடம். இங்கே நின்று சத்தமாக, நாலாவது மாடிக்குக் கேட்கும்படி, "இந்தக் கட்டடத்துல நம்ம சாமான் ஏறாதும்மா" என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார்.

அதற்குள் மச்சினன், மாமாவுக்கு வயசாகிவிட்டது, தம் பிடிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டான். அக்கா வீட்டுக் காரியம் வேறு. தோளைக் கொடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரு உந்து உந்தினான்.

மகுடம் விட்டத்தின் காரையைப் பெயர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொண்டது. அடிக்கட்டை படிக்கும் சுவருக்கும் நடுவில் ஆப்பு வைத்தாற்போல் இறங்கியது. காரைத்தூள் இருவர் தலையிலும் விழுந்தது.

"ஏறிடுச்சா மாமா?" என்றது பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல்.

"ஏறல. கல்யாணம் பண்ணிக்கிச்சு. இழுடா."

இழுத்தார்கள், தள்ளினார்கள், கயிறு போட்டார்கள். தூண்டில் முள்ளைப்போல் போன வழியே திரும்ப மறுத்தது. வழியில் ஒரு பூனை நுழையக்கூட இடுக்கில்லை. மேஸ்திரி மேலே, மச்சினன் கீழே, நடுவில் பீரோ.

சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தாள். இஸ்திரிச் சூட்டில் சிவந்துபோன கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தவள் மேல்படியில் நின்றுவிட்டாள். பீரோவைப் பார்த்தாள். மகுடத்தையும் விட்டத்தையும் பார்த்தாள். கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

"இதே கட்டடத்துலதான ஒரு தடவ சோபா ஏறலன்னு ஜன்னல் வழியா கயிறு கட்டி இழுத்தேன்னு சொன்னீங்க?"

மேஸ்திரி சட்டையில் விழுந்த காரையைத் தட்டினார்.

"சாமானைக் கண்ணால பாத்தே ஏறும் ஏறாதுன்னு சொல்ற ஆளு நீங்க. தெரிஞ்சேதான கொண்டாந்தீங்க?"

பீரோவுக்குப் பின்னால் மச்சினன் மூச்சு விடுவதை நிறுத்தினான்.

"ஏறாதுன்னு தெரிஞ்சாலாவது..." என்று ஆரம்பித்த மேஸ்திரி முடிக்கவில்லை.

"தெரிஞ்சா? மூட்டையைக் கட்டிக்கிட்டு உங்க பின்னாடி லாரியில ஏறிடுவேன்னு நெனச்சீங்களா?" அவள் குரல் உயரவே இல்லை. "வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். வீடு வெறிச்சுன்னு கெடக்கு, வாடின்னு ஒரு வார்த்த. அதுக்கு ஒரு பீரோவையா அனுப்புவாங்க?"

அப்போது மேல்மாடியிலிருந்து பூட்ஸ் சத்தம் இறங்கியது. நீலச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் சாப்பாட்டுப் பை. தாட்டியான உடம்பு. கட்டடத்தில் எல்லோரும் ரயிலக்கா என்று கூப்பிடுகிற பெண்மணி. உள்ளூர் ரயில் ஓட்டுகிறவள்.

"யாரு வீட்டு வாசல் இது, நடுப்படியில?" என்றாள். அப்புறம் மேஸ்திரியை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ, நீங்கதானா. வாங்க. உங்களப் பத்தி நெறையக் கேட்டிருக்கேன். ரயிலு வேணாம்னு மைக்கு புடிச்சவருதான?"

மேஸ்திரி கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"கொள்கை உங்க இஷ்டம். ஆனா இப்ப நான் வண்டி எடுக்கப் போகணும். நான் போகலன்னா ஆஸ்பத்திரி ஷிஃப்டு முடிஞ்சு வர்ற கூட்டம் பூராவும் பிளாட்பாரத்துல நிக்கும்."

"ஒரு ஆளு இல்லன்னா நின்னுபோற வண்டியை நம்பித்தான் ஊரே இருக்கு" என்று மேஸ்திரி முணுமுணுத்தார். பழக்க தோஷம்.

"உங்க லாரி ஆளில்லாம தானா ஓடுதாக்கும்?"

பீரோவின் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. மச்சினனின் சிரிப்பு அல்ல.

ரயிலக்கா பீரோவை ஓங்கித் தட்டிப் பார்த்தாள். "இதே திருப்பத்துலதான் போன மாசம் உங்க சம்சாரத்தையே எறக்கினோம். அதவிடவா இது கஷ்டம்?"

"அக்கா, விடுங்க" என்றாள் மனைவி அவசரமாக.

"எதுக்கு எறக்கினீங்க?" என்றார் மேஸ்திரி.

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "காய்ச்சல். வாந்தி வேற. எந்திரிக்க முடியல. நீங்க வெளியூர் லோடுக்குப் போயிருந்தீங்க. ஒரு நாள் ஆஸ்பத்திரியில வச்சு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தி அனுப்பிட்டாங்க. அவ்ளோதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பீரோவுக்குப் பதிலா என்னைத் தூக்கி லாரியில போட்டிருப்பீங்க."

"தண்ணி புடிக்கப் போனப்ப கதவு தெறந்து கெடந்துச்சு" என்றாள் ரயிலக்கா. "உள்ள பாத்தா இவ தரையில கெடக்குறா. நாற்காலியில உக்கார வச்சு, முந்தானையாலயே கட்டி, அப்படியே தூக்கிட்டு வந்தோம். இந்த எடத்துல நாற்காலி திரும்பல. கையை மேல ஒசத்தி, கைப்பிடிச் சுவத்துக்கு மேலயே சுத்தி எறக்கினோம்."

மேஸ்திரி அந்தத் திருப்பத்தைப் பார்த்தார். இறக்கத்திலும் பாரம் கீழே நிற்பவன் மேல்தான். உயிரில்லாத சாமானாவது அசையாது. மயங்கிய உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிச் சுற்றுவதென்றால் கீழ்ப்பக்கம் நிற்பவன் பாரத்தைத் தலைக்கு மேலே வாங்கி, பின்னங்காலால் படியைத் துழாவ வேண்டும். அவருடைய ஆட்களிலேயே அதைச் செய்யத் துணிகிறவன் குறைவு.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"நான் மேல."

"கீழ்ப்பக்கம் புடிச்சது யாரு?"

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. "நான்தான் மேஸ்திரி. டெய்லரு."

கழுத்தில் நாடாவோடு எட்டிப் பார்த்த அந்த ஒட்டி உலர்ந்த மனிதர். மேஸ்திரியின் கண்ணுக்கு அவர் ஒரு தையல் மிஷினைக்கூட நகர்த்துவார் என்று தோன்றியிருக்காது.

"முதுகுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"அன்னையிலேருந்து கொஞ்சம் பேசுது. பட்டனுக்குக் காஜா எடுக்கக் குனிஞ்சா பதில் சொல்லுது."

மேஸ்திரி கொஞ்ச நேரம் பீரோக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். மனைப்பிரிவில் அவருடைய சுவருக்கு அடுத்தது இன்னொரு சுவர். அதற்குள் ஒரு நாய், அதற்கப்புறம் தரிசு. அங்கே அவள் தரையில் கிடந்திருந்தால் லோடு முடிந்து அவர் வந்து கேட்டைத் திறக்கும்வரை அப்படியே கிடந்திருப்பாள். நிமிர்ந்து, பீரோவின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார். உள்தட்டுகளை ஒவ்வொன்றாக உருவி மேல்படியில் சாய்த்து வைத்தார்.

"டேய் மச்சினா."

"மாமா?"

"கடப்பாரை கையில இருக்கா? முதுகுப் பலகையை உடை."

"மாமா! இது நம்ம பீரோ மாமா!"

"யாரு பீரோன்னு கேட்டனா? உடைடா. டெய்லரைத் தள்ளி நிக்கச் சொல்லு, செதில் தெறிக்கும்."

முதல் அடிக்குப் பலகை முனகியது. நாலைந்து அடியில் பிளந்தது. பிளவு வழியாக மச்சினனின் வியர்த்த முகமும் அதன் பின்னால் டெய்லரின் கண்ணாடியும் தெரிந்தன. மீதியை மேஸ்திரி உள்ளேயிருந்து காலால் உதைத்துத் தள்ளினார். பீரோ இப்போது முன்னும் பின்னும் திறந்த வாசலாகிவிட்டது.

"வாங்கம்மா" என்றார் ரயிலக்காவிடம். "குனிஞ்சு வாங்க. அடிச்சட்டம் தடுக்கும், காலைத் தூக்கி வைங்க. டேய், அந்தப் பக்கம் கையைக் குடு."

ரயிலக்கா சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பீரோவுக்குள் நுழைந்தாள். உள்ளே நின்று மூக்கை உறிஞ்சினாள். "கற்பூர வாசம் நல்லாத்தான் இருக்கு. மேஸ்திரி, டிக்கெட்டு எடுக்கணுமா?"

"உங்களுக்கு..." என்றவர் கதவை இன்னும் அகலப் பிடித்தார். "உங்களுக்கு என்னைக்கும் வேணாம்மா. எங்க வீட்டுல எந்தக் கதவானாலும்."

அவள் அந்தப் பக்கம் இறங்கி, திரும்பிப் பார்த்து, கையை ஆட்டிவிட்டுத் தடதடவென்று ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ரயில் கூவியது. மேஸ்திரி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காரைத்தூளைக் கூட்ட விளக்குமாறு எடுக்கப் போனாள்.

*

அதற்கப்புறம் கட்டடமே பீரோ வழியாகத்தான் நடமாடியது. காய்கறிப் பையோடு ஒருத்தி, கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர் ஒருவர், பிள்ளையைத் தோளில் தூங்கவைத்துக்கொண்டு ஒரு தகப்பன். மேஸ்திரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொருவருக்கும், "தலை பத்திரம், கால் பத்திரம்" என்றார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவர் மட்டும் திட்டினார். மற்றவர்கள், "உங்க சம்சாரம் இப்ப நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி அன்று கஞ்சி வைத்துக் கொடுத்தவளாம். ஒருவர் ஆஸ்பத்திரியில் ராத்திரி உட்கார்ந்திருந்தவராம். இத்தனை பேருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று முதலில் உறுத்தியது. அப்புறம், இத்தனை பேருக்குத் தெரிந்திருந்ததே என்று இருந்தது.

ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் ரம்பத்தை எடுத்தார். மகுடத்தை அவரே அறுத்தார். மச்சினனைத் தொடவிடவில்லை. பூவேலை கீழே விழாமல் டெய்லர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"நல்ல மரம்" என்றார் டெய்லர் வருத்தத்தோடு.

"நீங்க வச்சுக்குங்க. கடை வாசலுக்கு மேல அடிச்சா அம்சமா இருக்கும்." ரம்பத்தை நிறுத்தாமலே சொன்னார், "அப்புறம் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. இனிமே உங்க கடையில மிஷின் நகத்தணும், மேஜை நகத்தணும்னா என்கிட்ட சொல்லணும். வேற எவனையாச்சும் கூப்பிட்டீங்கன்னு தெரிஞ்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"சரி மேஸ்திரி."

"சரின்னா போதாது. குனியவே கூடாது நீங்க."

"காஜா?"

"அதுக்கும் இவனை அனுப்புறேன்" என்று மச்சினனைக் காட்டினார். மச்சினன் தன் விரல்களை விரித்துப் பார்த்தான். மூவரும் சிரித்தார்கள்.

பீரோவிலிருந்து பிரித்தெடுத்த பலகைகள் நாலாவது மாடிக்கு லேசாக ஏறின. மேஸ்திரி அந்த அறையை அப்போதுதான் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கம்பி போட்ட ஜன்னல். துணிகள் கட்டிலின் கால்மாட்டில் சின்ன அடுக்காக, ஆஸ்பத்திரி விரிப்பைப் போல் முனை பிசகாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அறைக்குள் அவர் நிமிர்ந்து நின்றபோது தலை எதிலும் இடிக்கவில்லை. அதைக் கவனித்தார்.

பீரோவின் உள்தட்டு ஒன்றை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ரயில் விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்" என்றார் சுவரைப் பார்த்து.

"சொல்லுங்க. யாரு வேணாங்கறா?"

"சொந்த வீடு சொந்த வீடுதான்."

"நம்ம வீட்டை நான் என்னைக்குக் கொறை சொன்னேன்? எலுமிச்சைக்குத் தண்ணி ஊத்துறீங்களா இல்லியா?"

"ஊத்துறேன்." ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டார், "வீடு வெறிச்சுன்னுதான் கெடக்கு. வாயேன்."

அவள் துணி அடுக்கின் முனையைச் சரிசெய்தாள். "வேலைக்கு இங்கதாங்க வசதி. உடம்புக்கும். ஆள் இருக்காங்க." பிறகு மெதுவாகக் கேட்டாள், "கோவமா?"

மேஸ்திரி தலையை ஆட்டினார். வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "இல்ல. அந்த டெய்லரு கையைப் பாத்தேன். குச்சி மாதிரி இருக்கு. எப்படித்தான் தாங்குனானோ மனுஷன்." பலகையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ ஒசரத்துல அடிக்கட்டும்?" என்றார்.

"உங்க ஒசரத்துக்கு வேணாம். எனக்கு எட்டணும்."

பலகையை இறக்கினார். அவள் கையை நீட்டி, எட்டுகிற இடத்தில் விரலை வைத்தாள். அந்த விரலுக்குப் பக்கத்தில் பென்சில் கோடு போட்டு, மட்டம் பார்த்து, நாலு ஆணி அடித்தார். சுத்தியலைக் கீழே வைக்கப் போனபோது அவள் இரண்டாவது பலகையை எடுத்து நீட்டினாள்.

"இது எங்க?"

"உங்க கைக்கு எட்டுற எடத்துல" என்றாள். "வர்றப்ப சட்டையை எங்க வைப்பீங்க?"